பெஹாலாவில் ஒரு பனி நாய்

பெஹாலா சௌரஸ்தாவுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் காலை ஐந்து மணிக்கு நடமாட்டம் இருக்காது. கும்பகோணத்திலிருந்து வேலை மாற்றலில் வந்து இங்கேயே தங்கிவிட்ட, ஓய்வுபெற்ற அந்த வங்கி அதிகாரி நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்புவது அப்போதுதான். வெயில் ஏறினால் நாய்க்கு ஆகாது. கூட்டம் ஏறினால் இவருக்கு ஆகாது. "காம்டாபே நா தோ, தாதா?" (கடிக்காதே, அண்ணா?) எதிரில் வருபவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்பார்கள். "நா, நா" என்பார். சங்கிலியை மட்டும் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொள்வார்.

நாய் அகிடா இனம். ஜப்பானின் வடக்கே, பனி கொட்டும் அகிடா மாகாணத்தில் கரடி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த ஜாதி. 1931ல் ஜப்பான் அரசு இதை இயற்கைச் சின்னமாகவே அறிவித்தது. எடை 40 கிலோ. உடம்பு முழுக்க, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு ரோமம்.

பெயர் ஹாச்சி. வேறென்ன வைப்பது? 1925ல் இறந்துபோன பேராசிரியர் உயேனோ திரும்பி வருவார் என்று, 1935ல் தான் சாகும்வரை டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்த ஹாச்சிகோவின் கதையைச் சினிமாவில் பார்த்துவிட்டுத்தான் மகள் அடம்பிடித்தாள். 2018ல் குட்டி வந்தது. வங்காளியில் 'ஹாஞ்சி' என்றால் தும்மல் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. தெருப் பையன்கள் இதைக் கண்டால் பொய்த் தும்மல் போடுவார்கள். அதுவும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும்.

மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். நாய் அப்பாவுக்கு என்றானது. "நாயா, மாப்பிள்ளையா? ஏ.சி. இல்லாமல் தூக்கம் வராதாம்" என்பது மனைவியின் விமர்சனம்.

2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 23 வகை நாய்களை இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது. ஏற்கனவே வளர்ப்பவர்கள் அவற்றுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும். பிட்புல், ராட்வெய்லர், டோசா என்று நீண்ட பட்டியலில் அகிடாவும் இருந்தது. மாடி வீட்டுக்காரர் பேப்பரோடு இறங்கி வந்தார். சண்டைக்கு அல்ல. அவருக்கு மூன்று வயதுப் பேரன் இருக்கிறான்.

அந்தப் பயத்தை இவரால் சிரித்து ஒதுக்க முடியவில்லை. முந்தைய வருடம் ஒரு தெருநாயைப் பார்த்த வேகத்தில் ஹாச்சி இவரை இழுத்துக்கொண்டு ஓடியது. முழங்கை தேய்ந்து ரத்தம். மனைவியிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். 40 கிலோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அறுபது வயதுக் கை என்ன செய்யும்?

சுற்றறிக்கை நிற்கவில்லை. கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த மாதமே பகுதித் தடை விதித்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம், சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்காமல் போட்டது என்று ரத்தே செய்துவிட்டது. இவர் இனிப்பு வாங்கி மாடி வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். டப்பா காலியாகத் திரும்பி வந்தது, பதில் வரவில்லை.

ஏப்ரல் 30 அன்று கல்கத்தாவில் 43 டிகிரி. இரவு கரண்ட் போயிற்று. ஹாச்சி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. ஈரத் துண்டு போட்டார், ஐஸ் வைத்தார், இரைப்பு அடங்கவில்லை. கடைசியில் காரில் ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, டயமண்ட் ஹார்பர் ரோட்டில் மெட்ரோ பாலத்தின் கீழே தாராதலாவிலிருந்து ஜோகா வரை, ஜோகாவிலிருந்து தாராதலா வரை ஓட்டிக்கொண்டிருந்தார். மணி இரண்டு. கண்ணாடியில் பார்த்தபோது அது பின்சீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்ப மனசு வரவில்லை. பெட்ரோல் முள்ளைப் பார்த்தபின் திரும்பினார்.

"இதை ஏன் இந்த ஊருக்குக் கொண்டுவந்தீர்கள்?" என்று மறுநாள் கால்நடை மருத்துவர் கேட்டார். வக்கீல்கள் யாரும் கேட்காத கேள்வி. மகள்தான் ஆசைப்பட்டாள் என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. பணம் கொடுத்து வாங்கி வந்தது இவர்தான்.

சந்தில் புதிதாகக் குடிவந்த ஒரு பையன் போன வாரம் வாசலில் நின்று, குட்டி எங்கே கிடைக்கும், என்ன விலை என்று விசாரித்தான். தெருநாய்க் குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கும்படி சொன்னார். ஏதோ தமாஷ் என்று நினைத்துப் பையன் சிரித்தான். உள்ளே ஹாச்சி வயிற்றைத் தரையோடு அழுத்திக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தது.