இறுதி ஆட்ட நாள்

2020 மார்ச் 14. ஏர்பேட்டு விடுதியில் அன்று எனக்குப் பாடமும் ஓடவில்லை, சோறும் இறங்கவில்லை. இரவு கோவாவின் படோர்டா மைதானத்தில் சென்னையின் அணிக்கும் கல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கும் இறுதி ஆட்டம்!

என் நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. டிசம்பரில் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த அணி, ஓவன் காயில் பயிற்சியாளராக வந்தபின் தலைநிமிர்ந்தது. அரையிறுதியில் கோவாவை 6-5 என வென்றது. 2015-இல் கடைசி நிமிடங்களில் இரு கோல் விழுந்து நாம் கோப்பையை வென்றதும் அதே மைதானத்தில்தான்.

அறைத்தோழன் கடப்பைக்காரன், கிரிக்கெட்டன்றி வேறறியாதவன்.

"நோய்க்கு அஞ்சி ரசிகர்களை உள்ளே விடவில்லையாமே! உன் அணிக்கு யார் கைதட்டுவார்கள்?" என்றான்.

"நான் தட்டுகிறேன்."

"ஏர்பேட்டிலிருந்தா?" என்று சிரித்தான்.

ஆட்டம் தொடங்கியது. முதலில் இரு கோல் வாங்கினோம். 69-ஆம் நிமிடத்தில் வால்ஸ்கிஸ் ஒன்று போட்டார். எனக்கு முந்திக் கைதட்டியவன் அவன்தான்!

"இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதடா! அன்று கடைசி நிமிடங்களே போதுமாயிற்றே?" என்றான். என் வாதத்தை என்னிடமே சொன்னான்.

3-1 எனத் தோற்றோம். சில நாட்களில் விடுதியும் காலியாயிற்று. கோப்பை போனது போனதுதான். ஆனால், காலையில் தனியாக நம்பிய நான், இரவில் தனியாகத் தோற்கவில்லை.