பொல்கொடை வாவியில் நான்கு விரற்கடைக் கயிறு

கடற்கரையிலே பிறந்தவனெல்லாம் கடலோடி ஆகிவிடுவதில்லை. வடமராட்சியின் உப்புக்காற்றைச் சுவாசித்து வளர்ந்த நாமும் இந்த உண்மையை உணர்வதற்கு, கடலே அல்லாத பொல்கொடை வாவிக்குச் செல்லவேண்டி நேர்ந்தது. சென்ற ஆவணி மாதத்து ஞாயிறொன்றிலே அங்கு நாம் கற்ற பாடத்தை வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்வது நன்றென எண்ணுகிறோம்.

எமது தமக்கையாரின் மகன் பழைய பாய்ப்படகொன்றை வாங்கியிருந்தான். 'ஜீ.பீ. 14' என்னும் வகையைச் சேர்ந்தது அது. ஜாக் ஹோல்ட் என்னும் ஆங்கிலேயர் 1949ஆம் ஆண்டில் இதனை வடிவமைத்தார். பதினான்கு அடி நீளம்; வெற்றுடல் 133 கிலோ எடை. மோட்டார் வண்டிக்குப் பின்னே இழுவை வண்டியொன்றில் ஏற்றிச் சென்று விரும்பிய நீர்நிலையில் இறக்கலாம் என்பதே இதன் பெருஞ் சிறப்பு. வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னும் கரையோர ஊரிலே இப்படகு முதன்முதல் வரவேற்கப்பெற்றது. அவ்வூர் மணியோசைக்குப் பேர்போனது. ஆதலால் இன்றும் இவ்வகைப் படகின் பாயிலே மணியொன்று பொறிக்கப்பட்டிருக்கும்.

"மாமா, பெரியவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று மருமகன் அழைத்தான். பெரியவர் என்றது வல்வெட்டித்துறையிலே பிறந்த எமது பெரியப்பாவை. எண்பத்தைந்து வயதாகியும் கயிறென்றால் அவர் விரல்கள் துடிக்கும். அவ்வூரிலே கட்டப்பெற்ற 'அன்னபூரணி' 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர் அவர்.

வாவியை நோக்கி

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெகிவளை, கல்கிசை, இரத்மலானை ஆகிய ஊர்களைக் கடந்து மொறட்டுவையை அடைந்தோம். தளபாடங்களுக்குப் பேர்பெற்ற அவ்வூரிலே, சீவிய பலகையின் மணம் வண்டிக்குள்ளும் வந்து புகுந்தது. அங்கிருந்து கிழக்கே திரும்பிச் சிறிது தூரம் சென்றதும், தென்னஞ் சோலைகளுக்கிடையே வாவி வெள்ளித் தகடுபோல் தோன்றிற்று.

பொல்கொடை உண்மையில் இரண்டு வாவிகள். வடவாவியையும் தென்வாவியையும் நீரோட்டமொன்று இணைக்கின்றது. பாணந்துறையிலே அந்நீர் கடலோடு கலக்கின்றது. கரையோரமெங்கும் கண்டற் செடிகள் வேரூன்றி நிற்க, அவற்றினிடையே நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. காலையிலே கண்ணாடிபோற் கிடக்கும் நீர்ப்பரப்பு, உச்சி சாய்ந்ததும் கடற்காற்றுப் புகச் சிலிர்த்தெழுகின்றது. அலையின்றிக் காற்று மாத்திரம் கிடைப்பதால், பாய்ப்படகு பயில்வோருக்கு இதனினும் வாய்ப்பான இடம் மேல்மாகாணத்திலே கிடைப்பது அரிது.

நான்கு கயிறுகள்

படகை இறக்குவதற்கு முன்னர்க் கரையிலேயே கயிறுகளைக் கட்டினோம். பாய்மரம் நிமிர்ந்து நின்றது. அதன் அடியிலிருந்து பின்னோக்கி நீள்வது 'பூம்' எனப்படும் கிடைக்கழி. பாயின் அடிவிளிம்பைத் தாங்குவது இக்கழியே. கதவு கீலிலே திரும்புவதுபோல இது பாய்மரத்தைப் பற்றியபடி இருபுறமும் திரும்பும். கதவுக்காவது நிலையுண்டு, இதற்கோ கயிறுகளே நிலை. அவை தளர்ந்தால் காற்று எப்புறம் தள்ளுகின்றதோ அப்புறம் வீசியடிக்கும்.

அக்கயிறுகளை மருமகன் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். முதலாவது, கழியை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் உதவும் பிரதான கயிறு. ஆங்கிலத்தில் 'மெயின் ஷீட்' என்றான். "இது எங்கடை தாமான்" என்றார் பெரியப்பா. இரண்டாவது, பாயின் பின்மூலையைக் கழியின் நுனிக்கு இழுக்கும் கயிறு. இதனை இறுக்கினால் பாயின் அடிப்பகுதி தட்டையாகும்; தளர்த்தினால் குழிவாகும். மெல்லிய காற்றுக்குக் குழிவும் வன்காற்றுக்குத் தட்டையும் ஏற்றவை. மூன்றாவது, பாயின் முன்விளிம்பைக் கீழ்நோக்கி இழுப்பது. 1958ஆம் ஆண்டு அமெரிக்கக் கிண்ணத்தை வென்ற 'கொலம்பியா'வைச் செலுத்திய பிறிக்ஸ் கனிங்ஹாம் என்பவரின் பெயராலேயே இக்கயிறு வழங்குகின்றது.

நான்காவதே எமது கதைக்குரியது. பாய்மரத்தின் அடியிலிருந்து சாய்வாக மேலேறி, கிடைக்கழியைக் கீழ்நோக்கிப் பிடித்து நிற்கும் கயிறு அது. ஆங்கிலேயர் 'கிக்கிங் ஸ்ட்ராப்' என்பர். அமெரிக்கர் 'வாங்' என்பர். பிரதான கயிறு உள்ளே இழுக்கப்பட்டிருக்கும்வரை கழி தானாகவே தாழ்ந்து நிற்கும். காற்றைப் பின்னே வாங்கி ஓடும்போதோ அக்கயிற்றை நெகிழ விடுகிறோம். அவ்வேளை கழி மேலெழாது தடுப்பதற்கு இந்த நான்காவது கயிற்றையன்றி வேறு துணையில்லை. இதிற் கப்பிகள் பூட்டி, நான்கு புரியாகக் கயிறோட்டியிருந்தார்கள். உராய்விற் போவது போகப் பத்துக் கிலோ இழுப்பு ஏறக்குறைய நாற்பது கிலோ வலிமையைத் தரும் என்பது கணக்கு.

"இதன் முனையை மேற்கப்பியின் வளையத்திலே கட்டிவிடுங்கள், மாமா" என்று கூறிவிட்டு மருமகன் சுக்கானைப் பூட்டச் சென்றான். நாம் கட்டினோம். கயிறு புதியது, வழுவழுப்பானது, அளவிலும் சிறிது குறைந்திருந்தது. கழற்றி மறுபடியும் ஓட்டுவதற்குச் சோம்பி, முடிச்சுக்கு வெளியே ஒரு விரற்கடை வால் மாத்திரம் விட்டு முடித்துவிட்டோம். பெரியப்பா அதனை உற்றுப் பார்த்தார். "தம்பி, கட்டினாப் போதாது, காலை ஊண்டி ஒருக்கா இழுத்துப் பார்" என்றார். "எல்லாம் சரி, பெரியப்பா" என்றோம். அச்சொல்லை நினைக்குந்தோறும் இன்றும் எமக்கு நாணமாகவே இருக்கின்றது.

நீரிலே

மருமகன் சுக்கானைப் பிடித்தான். அவனுடைய பன்னிரண்டு வயது மகள் முன்பாய்க்கயிற்றைப் பிடித்தாள். நாம் நடுவே அமர்ந்தோம். மூவரும் மிதவை அங்கி அணிந்திருந்தோம். காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து முன்னேறியவரை படகு நன்றாகவே சென்றது. நாம் கட்டிய முடிச்சு நின்றது கண்டு உள்ளூர மகிழ்ந்தோம். அவ்வளவு நேரமும் அம்முடிச்சின்மீது பெரும்பாரம் எதுவும் ஏறவில்லை என்பதை அறியும் அறிவு எமக்கில்லை.

வாவியின் நடுவே படகைத் திருப்பிக் காற்றைப் பின்னே வாங்கினோம். மருமகன் பிரதான கயிற்றை நெகிழ விட்டு, நான்காவது கயிற்றை இறுக்கினான். மேற்கிலிருந்து வன்காற்றொன்று நீரைக் கறுப்பித்துக்கொண்டு வந்தது. 'சரக்' என்றோர் ஓசை! முடிச்சு வழுவிற்று, கயிறு கப்பிகளினூடே பாம்புபோல் உருவிக்கொண்டோடிற்று. தாழ்ந்து நின்ற கழி வானை நோக்கி எழுந்தது. பாயின் மேற்பகுதி முன்னே முறுகிக்கொள்ள, படகு காற்று வந்த பக்கமாகவே சரிந்தது. மறுகணம் காற்று பாயின் மறுபுறத்திற் புகுந்தது. கழி எமது தலைகளின்மீது வாள்போல் வீசி வந்தது.

"குனியுங்கள்!" என்று மருமகன் கத்தினான். குழந்தை குனிந்துவிட்டாள். நாம் அரைக்கணம் தாமதித்தோம். கழி எமது நெற்றியை உரசிச் சென்றது. படகு கவிழ்ந்தது.

நீருக்கு மேலே வந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது மருமகன் தெரிந்தான், குழந்தை தெரியவில்லை. வெண்பாய் நீர்மேல் விரிந்து கிடந்தது. அவள் அதன் கீழே அகப்பட்டிருந்தாள். மருமகன் பாயை நோக்கிப் பாய்ந்தான். அந்தச் சில விநாடிகள் எமக்கு எத்தனை யுகங்களாகத் தோன்றின என்பதைச் சொல்லால் உணர்த்த இயலாது. எமது மனக்கண்முன் நின்றது அந்த ஒரு விரற்கடைக் கயிறே.

பாயின் நடுவே சிறு கூடாரம்போல் ஓரிடம் மேலெழுந்தது. குழந்தை கீழேயிருந்து கையால் உந்தி, மூச்சுவிட இடம் செய்துகொண்டிருந்தாள். பின்னர்ப் பாயைத் தலைக்குமேற் பிடித்தபடியே ஒரே திசையாக நகர்ந்து விளிம்பருகே தலையை நீட்டினாள். படகுக் கழகத்திலே முதல்நாட் பயிற்சியில் இதைத்தான் கற்பித்தார்களாம். "தாத்தா, நெற்றியிலே இரத்தம்!" என்பதே அவள் கூறிய முதல் வார்த்தை.

மருமகன் படகின் அடியிலே நீண்டிருந்த நடுப்பலகையின்மேல் ஏறி நின்று, உடற்பாரத்தால் படகை நிமிர்த்தினான். நீரை இறைத்து, பாயைத் தாழ்த்தி, துடுப்பு வலித்துக் கரை சேர்ந்தோம்.

மறுபடியும் கரையிலே

பெரியப்பா எம்மைக் கடியவில்லை. கைக்குட்டையை நனைத்து எமது நெற்றியிலே கட்டினார். பின்னர், "இஞ்சை வா, பிள்ளை" என்று குழந்தையை அழைத்துக் கயிற்றை அவள் கையிலே கொடுத்தார். கப்பிகளினூடே முறையாக ஓட்டுவித்தார். முனையைச் சுருக்கிட்டு வளையத்திலே கட்டுவித்தார். நான்கு விரல்களைச் சேர்த்து வாலின் அருகே வைத்து, "இவ்வளவாவது மிஞ்ச வேணும்" என்றார். கயிற்றின் மறுமுனையிலும் எட்டு வடிவ முடிச்சொன்று இடச்செய்தார். பின்னர்க் கயிற்றின்மேல் எமது முழுப்பாரத்தையும் போட்டு இழுக்கும்படி எம்மைப் பணித்தார். நாம் தொங்கினோம். முடிச்சு இறுகிற்றேயன்றி இம்மியும் வழுவவில்லை.

காற்று ஓரளவு தணிந்திருந்தது. "மறுபடியும் போகலாமா?" என்று குழந்தை கேட்டாள். அவள் தந்தை எம்மைப் பார்த்தான். அஞ்சிய குழந்தையை அன்றே நீரில் இறக்காவிடின் அச்சம் வேரூன்றிவிடும் என்பர். ஈண்டு அஞ்சியிருந்தவர் நாமே. எனினும் ஏறினோம். மாலை வெயிலிலே வாவி பொன்னாய் மின்ன, காற்றைப் பின்னே வாங்கிப் படகு ஓடிற்று. கழி தாழ்ந்தே நின்றது. நாம் வாவியின் அழகையும் பாராது, அக்குழந்தை கட்டிய முடிச்சையே கரைசேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டிலே நாம் கட்டும் முடிச்சுகள் பல. மாடியிலே துணியுலர்த்தும் கொடி, குழந்தையின் ஊஞ்சல், வண்டியின் மேலேற்றிய பெட்டி ஆகிய யாவும் நல்ல காற்றடிக்கும்வரை உறுதியாகவே தோன்றும். கட்டியபின் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். பொல்கொடைக்குச் செல்லும் நேயர்கள் மிதவை அங்கியோடு இந்த அரை நிமிடத்தையும் மறவாது கொண்டுசெல்வார்களாக.