பீரங்கியை விழுங்கிய மண்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் வருகிறவர்களின் திட்டம் ஒன்றுதான்: பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், மதியத்துக்குப் பிரானூர் பார்டர் புரோட்டா. குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அந்தக் கூட்டம்தான். இந்த முறை அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. பகல் முழுக்கக் கையில் கிடந்தது. வண்டியை ராஜபாளையம் சாலையில் வடக்கே விட்டேன்.

கடையநல்லூர், புளியங்குடி தாண்டினால் வாசுதேவநல்லூர். கிழக்கிந்தியக் கும்பெனியை எதிர்த்து நின்ற பாளையக்காரர் புலித்தேவரின் வலுவான கோட்டை ஒன்று இங்கே இருந்தது. டீக்கடையில் விசாரித்தேன். “இங்கனதான் இருந்ததும்பாவ. இப்பம் எல்லாம் வீடாயிட்டுல்லா” என்றார் ஒரு பெரியவர். சுற்றிச் சுற்றி வந்தும் என் கண்ணில் ஒரு கொத்தளம்கூடப் படவில்லை.

ஆனால் அது லேசுப்பட்ட கோட்டை அல்ல. 1760 இறுதியில் கும்பெனியின் படைத்தளபதி யூசுப்கான், அதாவது மருதநாயகம், முற்றுகையிட்டுப் பின்வாங்கினார். மறு ஆண்டுதான் பிடிக்க முடிந்தது. 1767-இல் கர்னல் டொனால்ட் கேம்பெல் மறுபடியும் பீரங்கிகளோடு வரவேண்டியிருந்தது. சுவர் வெறும் மண். குழைத்து, அடித்து, வெயிலில் இறுகிய மண், வெளியே முள்வேலி. கல்சுவரில் குண்டு பட்டால் பிளக்கும், சில்லு தெறிக்கும். மண்சுவரோ குண்டை உள்ளே வாங்கிக்கொண்டு சும்மா நிற்கும். மீறி உடைந்த இடத்தைக் குண்டுமழையின் நடுவிலேயே பனந்தடியும் வைக்கோலும் திணித்து அடைத்திருக்கிறார்கள். அதைக் கண்டு கேம்பெலே வியந்து எழுதினார்.

அந்த மண் மிஞ்சவில்லை; வேறு ஊர்களில் கல் மிஞ்சியிருக்கிறது. வேல்ஸ் நாட்டில் கான்வி, கெர்நார்வன் கோட்டைகளை 1283-இல் கட்டத் தொடங்கியவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட். தோற்றவர்களை அடக்கி வைக்க வென்றவர் எழுப்பிய கல் அது. 1986 முதல் அவை உலகப் பாரம்பரியச் சின்னங்கள். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். இங்கே எதிர்த்து நின்றவர்களின் கோட்டைகளைக் கும்பெனி விட்டுவைக்கவில்லை. 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்ததும் பாளையக்காரர்களுக்குக் கோட்டையும் கூடாது, ஆயுதமும் கூடாது என்றாயிற்று. இடித்த மண்ணை அடுத்தடுத்த மழைகள் கரைத்தன.

புலித்தேவரின் ஊரான நெற்கட்டும்செவலில் அவருக்கு அரசு கட்டிய நினைவு மாளிகை இருக்கிறது. பளிச்சென்ற புதுக் கட்டடம். மனம் அதில் ஒட்டவில்லை. ஒட்டியது அவருடைய படைவீரர்களின் கதைகளில்தான். குடல் சரிந்த வயிற்றைத் தலைப்பாகையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சண்டை போட்ட வெண்ணிக்காலாடி, பகைவர் முகாமுக்குள் தனியாகப் புகுந்த ஒண்டிவீரன். சாயங்காலம் சங்கரன்கோவில் போனேன். பிடிபட்ட புலித்தேவர் சாமி கும்பிடுவதாகச் சொல்லிக் கோயிலுக்குள் போய் மறைந்துவிட்டார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. சான்று கேட்டு யாரும் சண்டைக்கு வருவதில்லை.

வாசுதேவநல்லூரில் கோட்டை நின்ற எல்லையைக் காட்டும் நான்கு கல்லாவது நட்டு, பக்கத்தில் ஒரு வரைபடம் வைக்கலாம். தொல்லியல் துறைக்கு இது பெரிய செலவில்லை. அதுவரை, அடுத்த சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் அருவிக் குளியல் முடிந்ததும் ஒரு பகலை இந்தப் பக்கம் ஒதுக்குங்கள்.