பட்டரும் டீயும்

நண்பர்களே, தலைப்பைப் பார்த்துவிட்டு கேன்டீன் மெனு என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

"மாப்ளே, நாளையில இருந்து டீயில நின்னு பட்டரை எறி. கை தானா நேராகும்" என்று அத்தான் சொன்னபோது, நான் கலிபோர்னியாவுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. டீ தெரியும், பட்டர் தெரியும், பெருமாள் கோயில் பட்டரையும் தெரியும். எதை எறிவது?

2024 மே மாதம் அக்காவுக்குத் தலைப்பிரசவம். அம்மாவுக்குத் தனியாக விமானம் ஏறப் பயம், அப்பாவுக்குக் கடையைப் பூட்ட மனமில்லை. ஆகவே செமஸ்டர் லீவில் இருந்த நான் துணைக்கு ஆள். என் பெட்டியில் அம்மா வைத்தது பிரசவ லேகியம், சுக்கு, கருப்பட்டி. நான் வைத்தது பாலிமர் மெட்டீரியல்ஸ் புத்தகம். அந்தப் பேப்பரில் எனக்கு அரியர். (சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேருக்கும் உண்டு என்று எனக்குத் தெரியும்.)

அத்தான் வீடு பாசடீனாவில். நடக்கிற தூரத்தில் ஹஹமாங்னா என்று ஒரு பார்க். பக்கத்திலேயே நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரி. ஒரு பக்கம் செவ்வாய்க்கு ராக்கெட் வண்டி அனுப்புகிறார்கள், இன்னொரு பக்கம் பெரிய மனிதர்கள் பிளாஸ்டிக் தட்டை வீசிக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் டிஸ்க் கால்ஃப். கால்ஃப் போலவேதான், பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. எறியத் தொடங்குகிற இடம் டீ. கடைசியில் கூடைக்குள் போடுவதற்கென்று உள்ள தட்டு பட்டர். உலகத்திலேயே நிரந்தரமாக அமைக்கப்பட்ட முதல் மைதானம் இதுதான், 1975-இல். எட் ஹெட்ரிக் என்பவர் அமைத்தார். ஃப்ரிஸ்பீ கம்பெனியில் வேலை பார்த்தவர், சங்கிலிக் கூடையும் அவர் கண்டுபிடிப்புதான். 2002-இல் அவர் இறந்தபோது அவருடைய ஆசைப்படி அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்களாம். நம்மூரில் தாமிரபரணியில் கரைப்போம். அவர் காற்றில் போக ஆசைப்பட்டிருக்கிறார்!

தட்டில் சாதிகள் பல. டிரைவர் என்பது விளிம்பு அகலமாகவும் கத்தி போல மெலிந்தும் இருக்கும், வெகுதூரம் போகும், புதிதாக எறிகிறவன் கையில் ஆட்டம் காட்டும். பட்டரின் விளிம்பு குறுகல், முனை மொத்தை. மெதுவாகப் போகும், நேராகப் போகும், விழுந்த இடத்தில் அதிகம் சறுக்காமல் உட்காரும். டிரைவர் வேகத்தில் மறைந்துபோகிற கைத்தவறு, பட்டரில் பளிச்சென்று தெரிந்துவிடும். மணிக்கட்டை லேசாகத் திருகினாலும் தட்டு காற்றில் நடுங்கும். அதனால்தான் டீயிலிருந்து பட்டர் எறியச் சொல்கிறார்கள். ஐம்பது அறுபது மீட்டர் ஹோல்களுக்குப் பழக்கமான ஆட்டக்காரர்களும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

அத்தான் ஆபீசுக்குப் போனதும் மத்தியானத்தில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பார்க்குக்குப் போவேன். பையில் பட்டர் மூன்று இருந்தன. நான் எடுத்தது வெள்ளை. பழசு, மெத்தென்று இருக்கும், தோசைக்கல் போல அங்கங்கே கறுப்பு. ஆனால் கையில் வைத்தால் அப்படி ஒரு பிடி! புதுத் தட்டு எதுவும் அப்படிப் பிடிக்கவில்லை. அத்தான் ‘பட்டரை எறி’ என்றார். எந்தப் பட்டர் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மைதானத்தில் எங்கு பார்த்தாலும் ஓக் மரம், கீழே பாறாங்கல். முதல் நாள் ஏழு மரத்தில் அடித்தேன். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். நாலாம் நாள் தட்டு நேராகப் போகாமல் வலது பக்கம் சாய ஆரம்பித்தது. என் கைதான் கோணல் என்று நினைத்து இன்னும் வேகமாக எறிந்தேன். ‘டக்’ என்று ஒரு பாறை விளிம்பில் பட்டது. எடுத்துப் பார்த்தால் விளிம்பில் பிறை போல ஒரு வெட்டு.

சொல்லவில்லை. பையில் பழையபடி வைத்துவிட்டு, சாயங்காலம் அக்காவுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தேன். அன்றைக்கு ரொம்ப நல்ல பிள்ளை.

சனிக்கிழமை அத்தானும் வந்தார். முதல் ஹோலில் கூடைக்கு நாலு மீட்டர். அவர் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற தூரம். வெள்ளையை எடுத்தார், எறிந்தார். அது ஒரு நடுக்கம் நடுங்கி, கூடை விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. எடுத்து, கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவினார். பிறை வந்ததும் விரல் நின்றது.

"இதையா டீயில எறிஞ்ச?"

"ஆமா அத்தான்."

அவ்வளவுதான். திட்டவில்லை. பைக்குள் வைத்துவிட்டு வேறு தட்டை எடுத்தார். பதினெட்டு ஹோலும் முடிகிற வரை அதைப் பற்றிப் பேச்சே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ராத்திரி அக்காதான் சொன்னாள். 2013-இல் எம்.எஸ். படிக்க வந்தபோது அவர் வாங்கிய முதல் தட்டு அது. தொலைந்தால் கண்டெடுத்தவர் கூப்பிட்டுக் கொடுப்பதற்காகத் தட்டின் அடியில் போன் நம்பர் எழுதி வைப்பது இங்கே வழக்கம். அதில் இருந்தது அவருடைய முதல் அமெரிக்க நம்பர். "மாமா தவறின சேதி அந்த நம்பருக்குத்தான் வந்துச்சு. பரீட்சை, விசா, டிக்கெட்டுக்குப் பணம்... எதுவும் கூடி வரல. போக முடியல. பத்து நாளு விடிஞ்சா அடைஞ்சா அந்தக் கூடை முன்னாடி நின்னு எறிஞ்சுக்கிட்டே இருந்தாராம்" என்றாள். பதினோரு வருடம் ஒரே கையில் பழகிய தட்டு. அதைத்தான் நான் நாலு நாளில் ஓக் மரத்துக்குப் படைத்துவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. நண்பனுக்கு வாட்ஸப்பில் சொல்லி கிளாஸ் நோட்ஸ் போட்டோ அனுப்பச் சொன்னேன். பெட்டிக்குள் கிடந்த புத்தகத்தையும் திறந்தேன். விஷயம் எல்லாம் அதிலேயே இருந்தது! கூடையில் போடுவதற்கான பட்டரைப் பெரும்பாலும் விலை குறைந்த, மெதுவான பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். கையில் ஒட்டும், சங்கிலியில் பட்டால் துள்ளாமல் விழும். ஆனால் மரத்தில் பட்டால் நசுங்கும், கல்லில் பட்டால் பிசிறும். விலை கூடிய ரகம் பாலியூரித்தேன். தேய்மானத்துக்கும் அடிக்கும் தாங்கும். அரியர் பேப்பரில் ‘தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர் - சிறுகுறிப்பு வரைக’ என்று கேட்டார்களே, அதேதான். நான் அந்தக் கேள்வியை சாய்ஸில் விட்டிருந்தேன்.

தட்டின் மேல்பாதி, கீழ்பாதி மோல்டு சேருகிற இடத்தில் ஒரு கோடு விழும். நம் வொர்க்‌ஷாப்பில் சொல்கிற அதே பார்ட்டிங் லைன்தான். அது உயரமாக இருந்தால் வலது கைக்காரன் பின்கையால் எறிகிற தட்டு கடைசியில் இடது பக்கம் இறங்கும். மரத்தில் மோதி மோதி விளிம்பின் வடிவம் கெட்டால் வலது பக்கம் சாயத் தொடங்கும். என் கை கோணல் இல்லை, தட்டுதான் கோணலாகியிருந்தது. (கையும் கொஞ்சம் கோணல்தான், அது வேறு கதை.) மென்மையான பிளாஸ்டிக்கில் இது சில வாரத்தில் நடக்கும். பாலியூரித்தேனில் வருடக்கணக்கில் இழுக்கும். ஒரே மோல்டில் வார்த்தாலும் பிளாஸ்டிக் மாறினால் ஆறும்போது சுருங்குகிற அளவு மாறும், அதனால் தட்டு பறக்கிற விதமும் மாறும் என்பதையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ் பரீட்சைக்கு மட்டும் உள்ள சமாசாரம் என்று நினைத்திருந்தேன்!

அடுத்த வாரம் தட்டுக் கடைக்குப் போனேன். கையில் அப்பா செலவுக்குத் தந்த நாற்பது டாலர். சுவர் முழுக்கத் தட்டு. மிச்சிகனில் செய்கிற ஆக்சியம் என்வி இருந்தது. நடு ஒரு பொருள், விளிம்பு வேறு பொருள், ஓவர்மோல்டிங் வேலை. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், விலை பார்த்து வைத்துவிட்டேன். ஸ்வீடன் காஸ்டாபிளாஸ்டின் பெர்க் இருந்தது. எறிந்தால் மிதக்கவே மிதக்காது, சப்பென்று இறங்கிவிடும். கூடைக்குக் கிட்டே அது சுகம், டீயிலிருந்து எறிய எனக்கு வேண்டாம்.

அத்தானின் வெள்ளை, இன்னோவா கம்பெனியின் ஏவியார். வேகம் 2, மிதப்பு 3, திருப்பம் 0, முடிவில் இறக்கம் 1 என்று நாலு எண் போட்டிருப்பார்கள். அதே ஏவியார், கண்ணாடி போல ஒளி புகும் கெட்டியான சாம்பியன் பிளாஸ்டிக்கில் கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் பழைய தட்டுப் பெட்டியைக் காட்டினார். பாலியூரித்தேன் தட்டைப் பழசாக வாங்கினால் நஷ்டமில்லை, கீறல் இருக்குமே தவிர வடிவம் கெடாது. மஞ்சள் நிறத்தில் ஒன்று கிடைத்தது. மேஜையில் கவிழ்த்து வைத்துத் தட்டையாக உட்காருகிறதா பார்த்தேன், விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பார்த்தேன். எடை 175 கிராம். விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி, அந்த அளவுத் தட்டுக்கு 175 ஏறக்குறைய உச்சம். லேசான தட்டு காற்றில் அலையும். 12 டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் ஏமாற்றம்தான். கெட்டி, வழுக்கல். காலைப் பனியில் கையை விட்டு நழுவிப் புதரில் விழுந்தது. அப்புறம் துண்டு கொண்டு போய் ஒவ்வொரு எறிக்கும் துடைத்தேன். அதைக் கூடையில் போட்டும் பார்த்தேன், சங்கிலியில் பட்டு வெளியே துள்ளியது. ஆனால் டீயில் அது வேறு ஆள். எறிந்தால் நேராகப் போய்க் கடைசியில் லேசாக இடது பக்கம் தலை சாய்த்து இறங்கும். ஐந்து வாரம் ஓக்கில் அடித்திருக்கிறேன், நாலைந்து கீறல்தான். ஐம்பத்தைந்து மீட்டர் வரை வந்தேன்.

வெள்ளைத் தட்டை என்ன செய்வது? பிசிறு, கீறலை அளவாகத் தேய்த்துச் சமன் செய்ய ஆட்ட விதியில் இடம் உண்டு என்று தெரிந்ததும் அத்தானிடம் கேட்டேன்.

"தேய்க்கட்டுமா அத்தான்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "தேய். ஆனா கொஞ்சமா."

600 நம்பர் எமரி தாள், தண்ணீர் தொட்டுத் தொட்டு, ஃபிட்டிங் லேபில் கூட நான் அவ்வளவு பொறுமையாக வேலை செய்ததில்லை. பிறை போகவில்லை. பிசிறு போயிற்று, நடுக்கம் குறைந்தது. அத்தான் வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு மார்க்கர் எடுத்து வந்தார். மங்கிப் போயிருந்த அந்தப் பழைய நம்பரின் மேலேயே ஒவ்வொரு எழுத்தாக மறுபடி எழுதினார். அந்த நம்பர் இப்போது அவரிடம் இல்லை. யாரிடம் இருக்கிறதோ. நான் எதுவும் கேட்கவில்லை.

மருமகள் ஜூன் கடைசியில் பிறந்தாள். நான் ஜூலையில் திரும்பினேன். அக்டோபரில் எழுதிய அரியரில் 52 மார்க், எலாஸ்டோமர் கேள்வி இந்தத் தடவையும் வந்தது. மஞ்சள் ஏவியார் ஹாஸ்டல் அறையில் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கிரவுண்டுக்கு வந்தால் எறிந்து பார்க்கலாம். பழைய சைக்கிள் டயர் தொங்கவிட்ட வேப்பமரம்தான் கூடை. வார்டன் சார் பைக் நிற்கிற பக்கம் மட்டும் எறியாதீர்கள்.