203க்கு 202: நான் சொல்லாமல் விட்ட பாதி



பத்தாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்தவர்களுக்கு 203, 202 என்ற இரண்டு எண்கள் மறந்திருக்காது. ஜனநாயகம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டு, "ஒரே ஒரு ஓட்டு!" என்று விரலைத் தூக்கிக் காட்டுவேன். அந்தக் கதையின் நாயகர் அமெரிக்க சபாநாயகர் சாம் ரேபர்ன். அதில் பாதியைத்தான் உங்களுக்குச் சொன்னேன். மீதியை இன்று எழுதிவிடுகிறேன்.

ரேபர்ன் 1882இல் டென்னசியில் பிறந்தவர். அவருக்கு ஐந்து வயதானபோது குடும்பம் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தது. நாற்பது ஏக்கர் பருத்திக் காடு, பதினொரு பிள்ளைகள். கல்லூரிக்குக் கிளம்பியபோது அப்பா கையில் வைத்தது 25 டாலர். கொஞ்ச காலம் வாத்தியார் வேலையும் பார்த்தார். அதனாலோ என்னவோ, எனக்கு அவர்மேல் ஒரு ஒட்டுதல். 1913இல் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தவர், 1961இல் இறக்கும்வரை அதன் உறுப்பினர். சபாநாயகராக 1940 முதல், கட்சி பெரும்பான்மை இழந்த இரண்டு இடைவெளி போக, மொத்தம் 17 ஆண்டுகள். அங்கே அந்த நாற்காலியில் அவ்வளவு காலம் இருந்தவர் வேறு யாரும் இல்லை.

சபாநாயகர் ஆகும் முன்பே அவர் செய்த ஒரு காரியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அன்று அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. காட்டுக்குள் கம்பி இழுத்தால் லாபம் வராது என்று தனியார் கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. செனட்டர் ஜார்ஜ் நாரிஸும் ரேபர்னும் முன்னின்று 1936இல் கிராம மின்மயமாக்கல் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் அரசுக் கடனில் தாங்களே கம்பி இழுத்துக்கொண்டன. அரிக்கேன் வெளிச்சத்தில் படித்த என் தலைமுறைக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது அந்த ஓட்டு. 1941 ஆகஸ்ட் 12. ஓராண்டுக்கு என்று சொல்லிப் படையில் சேர்த்த இளைஞர்களை மேலும் 18 மாதம் வைத்திருக்க மசோதா. வீடு திரும்ப நாள் எண்ணிக்கொண்டிருந்த பையன்கள் அவர்கள். ரேபர்ன் உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, தனக்காக ஓட்டுப் போடும்படி கேட்டார். 203க்கு 202. நான்கு மாதத்தில் பேர்ள் ஹார்பர். படை கலையாமல் இருந்தது. வகுப்பில் இங்கேயே கதையை முடித்து விடுவேன்.

நான் விட்டது இது. எண்ணிக்கை வந்ததும், யாரும் ஓட்டை மாற்றுவதற்குள் ரேபர்ன் முடிவை அறிவித்தார். எதிர்த்தரப்பு மறுசரிபார்ப்பு கேட்டது. சரி, ஆனால் இதில் பிழை மட்டுமே திருத்தலாம், மனம் மாறியவர் ஓட்டை மாற்ற முடியாது என்றார். சரிபார்த்ததும், மறுபரிசீலனைக்கும் கதவைச் சாத்தினார். எதிர்த்தரப்பு கூச்சலிட்டது. சுத்தியல் அடித்தாயிற்று. அங்கே சபாநாயகர் நடுவர் மட்டுமல்ல, பெரும்பான்மைக் கட்சியின் தலைவரும்கூட என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "ஐயா, அந்த 203 பேர்ல ஒருத்தர் மனசு மாறியிருந்தா?" எனக்கு இந்த விவரம் தெரியும். கதையின் அழகு கெட்டுவிடுமே என்று, "உட்கார்டா, மணி அடிக்கப் போகுது" என்றேன். மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நானும் சுத்தியலைத்தான் அடித்திருக்கிறேன்.

ரேபர்ன் விதியை மீறவில்லை. விதியை நன்றாகப் படித்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் போர் வராமல் போயிருந்தால் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி என்ன சொல்லியிருப்போம்? கறுப்பின மக்களின் உரிமை விஷயத்திலும் இதே சிக்கல். நெடுங்காலம் தென்மாநிலத்தார் பக்கமே ஓட்டுப் போட்டவர். 1956இல் பள்ளிகளில் இனக்கலப்பை எதிர்த்த தென்மாநில அறிக்கையில் மட்டும் கையெழுத்திடவில்லை. மறு ஆண்டு குடிமை உரிமைச் சட்டம் நிறைவேற உதவினார். தாமதம்தான். எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனாலும் அந்தத் தாமதத்தை மறைத்து இனி அவர் கதையைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி கேட்ட பையன், நீ இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுது. உன் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே எழுதினால் நீ கூச்சப்படுவாய், அதனால் எழுதவில்லை.