உள் ஓரம் தேயுற டயர்

எங்க மணிமங்கலம் பக்கம் மாட்டு வண்டி குறைஞ்சு போச்சு. கீரையும் கத்திரிக்காயும் என்னோட பழைய ஆம்னியில, முடிச்சூர் ரோடு வழியா தாம்பரம் சண்முகம் ரோடு மார்க்கெட்டுக்குப் போகுது. ஐப்பசி, கார்த்திகை மழையில பள்ளமெல்லாம் தண்ணிக்குள்ள மறைஞ்சிடும். சக்கரம் தடால்னு இறங்கி ஏறும்.

போன மழைக்கு அப்புறம், வண்டி நேரா போகணும்னா ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தது. வெளியில பார்த்தா டயர்ல பட்டன் நல்லாத்தான் இருந்தது. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வெச்சு, குனிஞ்சு பார்த்தேன். ரெண்டு முன் டயருக்கும் உள் ஓரம் மொட்டை. ஒண்ணுல கம்பியே தெரியுது. பக்கத்து சீட்டுல தினமும் என் வீட்டுக்காரம்மா உக்காந்து வர்றாங்க. லோடோட போறப்ப அது வெடிச்சிருந்தா?

ஒரு கடையில "ரெண்டு டயரும் மாத்திடுங்கண்ணே" அப்படின்னாங்க, அவ்வளவுதான். மாத்தத்தான் வேணும். ஆனா காரணத்தை விட்டுட்டு டயரை மட்டும் மாத்துறது, மாட்டோட கழுத்துப் புண்ணுக்கு மருந்து போட்டுட்டு அதே கோணல் நுகத்தடியில திரும்பப் பூட்டுற மாதிரி. எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் தம்பி பார்த்தப்போ, டை ராட் எண்ட் ஆட்டம் கண்டிருந்தது. அதை மாத்தின பிறகுதான் அலைன்மென்ட்டே பண்ணினார். ஆட்டத்தோட அலைன்மென்ட் பண்ணினா நிக்காது.

ஜிஎஸ்டி ரோட்டுலயும் வேளச்சேரி ரோட்டுலயும் கார் ஓட்டுறவங்களும் இதைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. முன் சக்கரம் ரெண்டும் வெளிப்பக்கம் பார்த்து விரிஞ்சிருந்தா உள் ஓரம் தேயும். உள்பக்கம் குவிஞ்சிருந்தா வெளி ஓரம் தேயும். இதை 'டோ'ன்னு சொல்றாங்க. சக்கரத்தோட மேல்பாகம் உள்ளே சாஞ்சிருந்தாலும் உள் ஓரம்தான் போகும், அது 'கேம்பர்'. ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி. நடு மட்டும் தேஞ்சா காத்து அதிகம். பட்டன் மேல குறுக்கால கையை வெச்சுத் தடவுங்க. ஒரு பக்கமா வழுவழுன்னும் எதிர்ப்பக்கமா ரம்பம் மாதிரியும் இருந்தா டோ சரியில்லைன்னு அர்த்தம். வேகத்துல ஸ்டியரிங் உதறினா அது பெரும்பாலும் பேலன்சிங் கோளாறு. அந்த வேலை வேற, அலைன்மென்ட் வேற.

பட்டன் இடுக்குல சின்னதா மேடு இருக்கும். தேஞ்சு தேஞ்சு டயர் அதோட சமமாச்சுன்னா, மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், மாத்தியே ஆகணும். அந்த மேட்டை உள் ஓரத்துலயும் பாருங்க.

மாட்டுக்கு வலிச்சா நின்னு காட்டிடும். டயர் கம்பி தெரியுற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை குனிஞ்சு பாத்துடுங்க.