கார்டில் இருப்பது இருந்தபடியே

கேம்கார்டரில் எடுத்ததைக் கணினியில் ஏற்றினால் தரம் குறைந்துவிடும் என்ற அச்சம் வி.எச்.எஸ். காலத்தில் நியாயமானது. ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதியப் பதிய நிறம் வெளுத்தது, ஓரங்கள் கசிந்தன. சோனியும் பானசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. படம் எச்.264 முறையில் சுருக்கப்பட்டு, மெமரி கார்டில் எண்களாகவே கிடக்கிறது. எண்களைக் காப்பி எடுத்தால் எதுவும் தேயாது. ஏற்றிய கையோடு அதை எம்பி4 ஆக 'கன்வெர்ட்' செய்கிறோமே, சேதம் முழுக்க அங்கேதான் நடக்கிறது என்பது என் கட்சி.

கன்வெர்ட் செய்யும் மென்பொருள், சுருக்கிய படத்தை விரித்து, தன் கணக்குப்படி மறுபடி சுருக்குகிறது. கேமரா ஒருமுறை விட்டதுபோக இது இன்னொருமுறை விடுகிறது. இதைவிடப் பெரிய இழப்பு அசைவில். நம் ஊரில் விற்ற கேம்கார்டர்கள் பெரும்பாலும் 1080 50ஐ முறையில் எடுத்தவை. அதாவது நொடிக்கு 50 அரைப்படங்கள். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். இரண்டுக்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஓடியிருக்கும். நடனமாடும் பெண்ணின் கை அதற்குள் சற்றே நகர்ந்திருக்கும். இதை 25 முழுப்படங்களாக மாற்றும்போது, மென்பொருள் ஒன்று பாதிக் கணங்களைத் தூக்கி எறிகிறது, அல்லது இரண்டையும் குழைத்து ஒரு கைக்கு இரண்டு நிழல் வரைகிறது. அரைப்படங்களைப் பிரித்துச் சேர்க்கும் நுட்பம் வருடத்துக்கு வருடம் மேம்பட்டு வருகிறது. ஆனால் அது மூலத்தின் மேல்தான் வேலை செய்யும். எடுத்த தேதியும் நேரமும்கூட அந்த மூலக் கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்கின்றன. கன்வெர்ட் செய்ததில் பெரும்பாலும் அவை இருக்காது. குழந்தை முதலில் நடந்த நாள் எது என்று பின்னாளில் தேடுபவருக்கு அது சின்ன இழப்பா?

கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லையே என்பார்கள். முதல் தடவை தெரியாதுதான். பிறகு எடிட்டிங், இணையத்தில் ஏற்றுவது, வாட்ஸ்அப்பில் அனுப்புவது என்று ஒவ்வொன்றும் மறுபடி சுருக்கும். அப்போது கன்றிய முகமும் கட்டம் கட்டமான வானமும் தெரியும். இடம் போதாது என்ற வாதமும் நிற்காது. தொடக்ககால ஏவிசிஎச்டியின் உச்ச வேகமான நொடிக்கு 24 மெகாபிட்டில் எடுத்தாலும் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 11 ஜிபிதான்; 2 டிபி டிஸ்கில் 180 மணி நேரம் அடங்கும். டி.வி.யில் ஓடவில்லை என்றால் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு எம்பி4 போட்டுக்கொள்ளலாம். மூலத்தை அழிக்க அது காரணமாகாது.

காப்பி எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்ட்ரீம் என்ற ஃபோல்டரில் இருக்கும் 00000.எம்டிஎஸ், 00001.எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் இழுத்துப் போடுவது போதாது. கார்டின் எஃப்ஏடி32 முறை 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது என்பதால், நீண்ட காட்சியைக் கேமராவே துண்டுபோடுகிறது. எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற குறிப்பு வேறு ஃபோல்டரில் இருக்கிறது. அது இல்லாமல் ஒட்டினால், ஒட்டிய இடத்தில் ஒரு கணம் ஒலி அறுந்துபோகலாம். எனவே ஏவிசிஎச்டி ஃபோல்டரை முழுசாக எடுக்க வேண்டும்.

இதற்கு முந்தைய எச்டிவி கேமராக்களின் டேப்புகள்தான் அவசரமானவை. அவற்றிலும் இருப்பது எண்களே. ஃபயர்வயர் வழியே அப்படியே இறக்கலாம், ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும். மஞ்சள் வயரைச் செருகினால் எச்.டி. அங்கேயே போய்விடும். டேப்பில் பன்னிரண்டு படங்கள் ஒரு கட்டாகப் பதிந்திருப்பதால், ஒரு சிறு கீறல் அரை நொடிக் காட்சியை உறைய வைத்துவிடும். டேப் தேயத் தேயக் கீறல் கூடும். 2025இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோவோ ஃபயர்வயரையே கைவிட்டுவிட்டது. இன்று அந்த டேப்புகளை வைத்திருப்பவர், ஓடும் நிலையில் ஒரு கேமராவையும் ஃபயர்வயர் உள்ள ஒரு பழைய கணினியையும் தேடிக்கொண்டு இந்த வருடமே உட்கார வேண்டும்.